வேறொரு சத்தியம்

சவப்பெட்டியை மூட ஆணியை எடுத்தவரின் கையை ரசலையன் மாமா பிடித்துக்கொண்டார்.

"பொறும். மூடுததுக்கு முன்னால ஒரு காரியம் இருக்கு. ஏலே ஆன்ட்ரூஸ், இங்க வா."

கூட்டம் விலகியது. ஜிஷாவின் அண்ணன் எழுந்து வந்தான். அவன் விரல்கள் நடுங்கின. அழுகையின் நடுக்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நேற்று இரவுக்குப் பிறகு அவன் குடிக்கவில்லை என்பது ஜிஷாவுக்குத் தெரியும்.

"அப்பன் நெஞ்சுல கைய வை. இனி ஒரு சொட்டு தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு. குடிச்சுக் குடிச்சு அவரு போயாச்சு. நீயாவது மனுசனா இரு."

"நல்ல காரியம்" என்றாள் ஒருத்தி. பெண்கள் கூட்டத்தில் அழுகை மறுபடி எழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஜிஷா கேட்டதும் இதே வார்த்தைதான். பூசை முடிந்ததும் அம்மா பேபி, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் பைபிள்மேல் வைத்தாள். முப்பது வருடக் குடி அன்றோடு நின்றது. "இனி எனக்காவ ஒப்பாரி வைக்கப் போறது புதுக்கடை பார்க்காரன் மட்டுந்தான்" என்று வெளியே வந்து அப்பா ஞானதாசன் சிரித்தார். அன்று மத்தியானம் வீட்டில் கோழிக்கறி.

திங்கட்கிழமை அவரால் டீ கிளாசைப் பிடிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சுவரைப் பார்த்து, கடலில் நிற்கிறவர்போல "வலைய இழுங்கலே" என்று கத்தினார். ஒரு மடக்குக் கேட்டு அழுதார். அம்மா கதவைப் பூட்டி, வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். "பிசாசு எறங்குது மக்கா, கொஞ்சம் பொறு." புதன் விடியும்போது வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் ஜிஷாவிடம் மட்டும்தான் பேசினார்.

"நிறுத்தணும்னு நினைச்சது நல்லதும்மா. ஆனா இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு ஒரேயடியா நிறுத்துனா தாங்காது. முதல்லயே இங்க கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பாத்திருப்போம்."

அப்பா வியாழக்கிழமை மத்தியானம் இறந்தார். டாக்டர் சொன்னதை ஜிஷா அம்மாவிடம் சொல்லவில்லை. கதவைப் பூட்டியவளிடம் எந்த வாயால் சொல்வது? சுகாதார நிலையத்து நர்ஸ் விக்டோரியா இரண்டு மாதம் முன்பு நோட்டும் கையுமாக வீடு வீடாக வந்து கேட்டபோது, "இங்க ஆரும் குடிக்கமாட்டாவ" என்று அனுப்பியதும் அம்மாதான். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்ற ஜிஷாவும் வாய் திறக்கவில்லை.

ஆன்ட்ரூஸ் கையை நீட்டினான்.

"வேண்டாம் மாமா."

சொன்னது தான்தானா என்று ஜிஷாவுக்கே சந்தேகம். பத்து வருடமாகக் குடிக்கிற அண்ணன் அவளைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னட்டி வேண்டாம்?" மாமாவின் குரல் உயர்ந்தது. "கூடப்பெறந்தவனும் குடிச்சுச் சாவணுமா ஒனக்கு? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். இன்னைக்கா வாய் தொறக்கணும்?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். ஜிஷா பெட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சத்தியம் பண்ணட்டும் மாமா. தொடமாட்டேன்னு வேண்டாம். அடக்கம் முடிஞ்ச ஒடன எங்கூட ஆஸ்பத்திரிக்கு வருவேன், டாக்டர் போவச் சொல்லுத வரைக்கும் அங்க கெடப்பேன்னு பண்ணட்டும்."

"ஆஸ்பத்திரியா? குடிய நிறுத்த ஆஸ்பத்திரி எதுக்கு? ஆம்பளைக்கு மனசு போதாதா?"

யாரோ சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"அப்பாக்கு மனசு இருந்துச்சு மாமா" என்றாள் ஜிஷா.

அம்மா தலையைத் தூக்கினாள். மகளையே பார்த்தாள்.

"டாக்டர் ஒங்கிட்ட என்ன பறஞ்சாரு?"

ஜிஷா பெட்டியின் விளிம்பிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். துக்கமணி இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். தாங்க வந்தவர்களை விலக்கினாள். நடுங்கிக்கொண்டிருந்த மகனின் கையை எடுத்து, தானே புருஷனின் நெஞ்சில் வைத்தாள்.

"அவ சொன்னதச் சொல்லு மக்கா."

"அம்மா..."

"சொல்லுலே."

ஆன்ட்ரூஸ் சொன்னான். மாமா ஆணிக்காரருக்கு வழிவிட்டார். அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தியதும் அவர்தான்.

"பேபி, நீ வீட்டுக்குப் போ. ஆளுவ வருவாவ" என்றார்.

"வாறவங்க இருக்கட்டும்" என்று அம்மா ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டதற்கெல்லாம் ஆன்ட்ரூஸே பதில் சொன்னான். எத்தனை வருடம், எவ்வளவு, கடைசியாக எப்போது. ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவன் கண்கள் செருகின. ஜிஷா பயந்து நர்ஸைப் பார்த்தாள்.

"ஒறக்கம்தான். நாங்க பாத்துக்கிடுவோம்" என்றாள் நர்ஸ்.

கட்டிலின் கால்மாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகனின் பாதங்களில் கல்லறைத் தோட்டத்து மணல் ஒட்டியிருந்தது. விழித்துவிடப் போகிறானே என்று பயந்தவள்போல, சேலைத் தலைப்பால் மெல்ல மெல்ல அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.