பங்காளி வரிசை

"இன்னும் கொஞ்சம் இறுக்குடி. இல்லன்னா வாய் தொறந்துக்கும்" என்றாள் பாஞ்சாலி அத்தை.

தையல்நாயகி பழைய வேட்டியில் கிழித்த துணியை அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"ஊரு கொடிவழி பூரா சொன்ன வாயி" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "இனிமே யாரு எந்தக் கொடின்னு உன்னைத்தான் வந்து கேக்கணும்."

விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் கல்யாணம் பேசுகிறவர்கள் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் அப்பா சவுரிராயன் வீட்டுக்குத்தான் வருவார்கள். பாட்டன் பேரு என்ன, பாட்டி எந்த வகையறா, சாமி எந்த ஊர்ச் சாமி என்று கேட்டுக்கொண்டே போவார். சந்தேகம் வந்தால் விழுப்புரம் பத்திர ஆபீசுக்குப் போய்ப் பழைய நகலில் இன்னார் மகன் இன்னார் என்று பார்த்துவிட்டு வருவார். தையல்நாயகிக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மோர் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான் எல்லாம்.

"ஒரே வூட்டுப் பேருன்னு நம்பிடாதீங்க. வூட்டோட மாப்பிள்ளை வந்த எடத்துல கொடி மாறிப்பூடும். சாமி எதுன்னு கேளுங்க." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

வெளியே தம்பி முருகையனின் குரல் கேட்டது. "பங்காளிங்க எல்லாம் ஜல்தியா தண்ணி ஊத்திக்கினு வாங்க. வெயில் ஏறுது."

கிணற்றடியிலிருந்து ஈரத் துணியோடு ஆண்கள் வந்து முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். கடைசியில் சீனுவாசன் நின்றான். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருக்கிறவன். தந்தி கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு இவளைப் பெண் கேட்டு வந்தான். நாலு நாள் கழித்து அவர்களை வரச்சொல்லி அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "பங்காளிடா. அண்ணன் தங்கச்சி ஆவுது. கேட்டதே பாவம்." அன்றிலிருந்து அவன் அண்ணன்தான். எங்கேயோ கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டி ஆன பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு சீர் கொண்டுவருவான். இப்போது அவள் உடுத்தியிருந்ததும் அவன் கொடுத்த புடவைதான். அண்ணன் ஆகிறவனை அப்படி நினைத்துவிட்டோமே என்று அந்த வருஷம் மயிலம் மலை ஏறிக் கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். அதற்கப்புறம் வந்த இடங்களிலும் அப்பாவுக்கு ஒன்றில்லாவிட்டால் ஒன்று இடித்தது.

மண்டகப்பட்டிலிருந்து வந்திருந்த சின்னக்கண்ணுப் பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். இருக்கிற பங்காளிகளில் அவர்தான் மூத்தவர்.

"யாருடா அது கடைசியில?"

"சீனுவாசன், பெரியப்பா. திண்டிவனம்."

"நீ எதுக்குடா ஈரத்துணி கட்டிக்கினு நிக்கிற? மாமன் செத்ததுக்கு மருமவன் பங்காளி வரிசையில நிப்பானா? போய்க் கோடித்துணி எடுத்துக்கினு வா, போ."

இரண்டு பேர் சிரித்தார்கள். முருகையன் சொன்னான், "பெரியப்பா, உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு. அவரு நம்ம பங்காளி."

"கண்ணுதான்டா மங்கிடுச்சு. இவன் பாட்டனுக்கு அப்பன் நம்ம வூட்டுக்கு வூட்டோட மாப்பிள்ளையா வந்தவன். இவங்க சாமியே வேற, இரும்பை ஊருப் பக்கம். உங்கப்பன் வெழுப்புரத்துல நகல் எடுக்கறப்ப நானும் கூட நின்னேன். மருமவன்னு தெளிவா எழுதியிருக்குது."

தையல்நாயகி வாசற்படிக்கு வந்திருந்தாள்.

"எப்ப போனீங்க பெரியப்பா?"

"உங்கம்மா செத்த வருசம். இவன் உன்னக் கேட்டு வந்தானே, அதுக்குத்தான். மொறை சுத்தமா இருக்குது, குடுத்துடுடான்னு பஸ்ஸுலயே சொன்னேன். நீதானம்மா வேணான்னுட்ட."

"நானா?"

"உங்கப்பன் அப்டித்தான் சொன்னான். பொண்ணுக்குப் புடிக்கல, வுட்டுடுண்ணேன்னான். அப்புறம் நான் ஏன் கேக்கறேன்?"

சீனுவாசன் வேட்டியின் நுனியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தான்.

அத்தை அவள் தோளைத் தொட்டு உள்ளே இழுத்தாள். "தாயில்லாத வூடு. முருகையன் பத்து வயசுப் பையன். நீயும் போயிட்டா சோறு யாருடி ஆக்குவாங்க? உங்கப்பன் என்ன பண்ணுவான் பாவம்."

"உனுக்கும் தெரியுமா அத்தை?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "வாய்க்கரிசி போடு. நேரமாவுது" என்றாள்.

யாரோ அவள் கையில் அரிசியை அள்ளி வைத்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் நின்றாள்.

"பெரியப்பா, அந்த விக்கிரவாண்டி எடம்..."

"எந்த எடம்மா?"

"ஒண்ணும் இல்ல."

கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அவளுக்கே தெரியும். அவர்கள் சாமி எது, பாட்டி எந்த வகையறா, எந்தத் தலைமுறையில் பெண் எடுத்தார்கள் என்று ஊராருக்குப் பார்ப்பதுபோல மனசுக்குள் ஒவ்வொரு கண்ணியாக மேலே போனாள். எங்கேயும் இடிக்கவில்லை. அடுத்தது செஞ்சிக்காரர்கள். அதிலும் பாதி தூரம் போய் நின்றுவிட்டாள்.

"போடுக்கா" என்றான் முருகையன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

போட்டாள். இறுக்கிக் கட்டியிருந்த வாயில் அரிசி தங்கவில்லை. துணியின்மேல் சரிந்து, கழுத்துப் பக்கம் உருண்டது. அத்தை அதைப் பொறுக்கி உதட்டின்மேல் வைத்தாள்.

சீனுவாசன் வாசற்படிக்கு வெளியே வந்து நின்றான். எப்போதும் நேராக அடுப்படிவரை வருகிறவன்.

"கூட்ரோட்டுக் கடையில கோடி கிடைக்கும். எடுத்துக்கினு வர்றேன்..."

அதற்குப் பிறகு எப்போதும் ஒரு சொல் வரும். இன்று வரவில்லை.

தையல்நாயகி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "உம்" என்றாள்.

அவன் தெருவில் இறங்கிப் போனான். வரிசையில் நின்றவர்கள் பாடையைத் தூக்க உள்ளே வந்தார்கள். முற்றத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. வரிசையின் கடைசியில், அவன் வேட்டியைப் பிழிந்த இடத்தில் மட்டும் ஈரம் இன்னும் காயவில்லை.