சாம்பிராணி பிடித்த வாளிகள்

றொனால்ட் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். மூக்கு மட்டுமில்லை, காது வரைக்கும் உள்ளே போயிருந்தது. வெளியே எடுத்தபோது முகம் கறுத்துப்போய் இருந்தது.

"போச்சு. எல்லாம் சாம்பிராணி மணக்குது."

சிவபாதம் கையிலிருந்த, மரம் தேய்க்கிற சாண்டரை நிறுத்தினான். மரத்தூள் அவன் புருவத்திலும் மீசையிலும் மாப்போலப் படிந்திருந்தது. பெட்டி கட்டும் மேசையடியில் நின்ற தெய்வநாயகி அக்கா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அஜின்கோர்ட்டில் ரயில் பாதைக்குப் பின்னால், கார் திருத்தும் கராஜுக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டறை அது. ஜப்பானிலிருந்து வரும் ஹினோக்கி என்கிற சைப்பிரஸ் மரத்தில் வாளி, குளிக்கும்போது குந்துகிற முக்காலி, சோறு வைக்கிற மூடித் தொட்டி, வெட்டுப் பலகை எல்லாம் அங்கே செய்தார்கள். வார்னிஷ் கிடையாது, எண்ணெய் கிடையாது, வெறும் மரம். அந்த மரத்தின் மணத்துக்குத்தான் விலையே. தேசிக்காய்த் தோலைக் கிள்ளினமாதிரி ஒரு மணம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவபாதம் மனைவிக்குப் போனில் சொல்லியிருந்தான். யோகமலர் ஊரில், கொக்குவிலில் இருக்கிறாள். அவளை இங்கே எடுப்பிக்க ஸ்பொன்சர் போட்டாயிற்று. அவள் வந்து சேரும்வரை வெல்பெயார் என்கிற அரசாங்க உதவிக்காசுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது, படுத்தால் எல்லாம் நின்றுபோகும் என்று பேப்பர் நிரப்பிக் கொடுத்தவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் இந்த வேலை போகக்கூடாது. இருமினாலும் போகக்கூடாது.

தூசு இழுக்கிற மெஷின் ஆடி மாதமே நின்றுவிட்டது. கேட்கிற நேரமெல்லாம் "பார்ட்ஸ் வரவேணும் அண்ணை" என்பான் பட்டறைக்குப் பொறுப்பான றொனால்ட். ஆவணியில் ஒருநாள் மத்தியானம் சிவபாதம் மீன்குழம்புப் பெட்டியைத் திறந்தான். ஒரு மணமும் இல்லை. சோறு பழுதாகிப் போச்சோ என்றுகூடத் தெரியவில்லை. அன்றையிலிருந்து எதுவுமே மணக்கவில்லை. ஒருத்தருக்கும் சொல்லவில்லை, தெய்வநாயகி அக்காவைத் தவிர.

போன வியாழக்கிழமை ஆயுத பூசை. அக்கா மல்வேர்னில் இருக்கிற தன் வீட்டிலிருந்து தட்டம், சந்தனம், கடலை, அவல், தூபக்கால் எல்லாவற்றையும் பஸ்ஸில் காவிக்கொண்டு வந்தாள். ரம்பத்துக்கும் சாண்டருக்கும் பொட்டு வைத்தார்கள். குளிர் என்று கதவெல்லாம் சாத்தியிருந்தது. "கெதியா முடியுங்கோ" என்ற றொனால்ட், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரனாக இருந்தாலும் கடலையை இரண்டாம்தரமும் கேட்டு வாங்கித் தின்றான். சாம்பிராணி போட்டது சிவபாதம்தான். மரம் மணக்காவிட்டால் போகட்டும், சாம்பிராணியாவது மணக்காதா என்று அவனுக்கு ஒரு நப்பாசை. "காணும் தம்பி, கண் எரியுது" என்று அக்கா கத்தக் கத்த அள்ளி அள்ளிப் போட்டான். ஒன்றுமே வரவில்லை. புகை போவதற்கும் வழியில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த ஹோட்டல் ஓடர் வாளிகள்தான் அவ்வளவையும் குடித்தன.

முதலாளி மெலிசா வந்தாள். நல்ல மனுசி, கத்தமாட்டாள். ஒரு வாளியை மணந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். பிறகு றொனால்டோடு இங்கிலீஷில் கதைத்தாள்.

"பின்னேரம் ஹோட்டல் ட்ரக் வருது" என்றான் றொனால்ட். "மணம் பிடிக்காததைப் பிரிச்செடுத்தா அதையாவது அனுப்பலாமாம். எனக்கு ஏலாது, என்ரை மூக்குக்குள்ளை இப்ப ஒரு கோயிலே இருக்கு. அண்ணை, நீங்கள் பிரியுங்கோ. மரத்தோடையே கிடக்கிற ஆள் நீங்கள்தானே."

"நான் பாக்கிறன், தம்பி சாண்டரைப் பாக்கட்டும்" என்று அக்கா குறுக்கே விழுந்தாள்.

"உந்தச் சாமானெல்லாம் காவிக்கொண்டு வந்ததே நீங்கள்தானே அக்கா. சும்மா இருங்கோ. அண்ணை வடிவாப் பிரிச்சுத் தந்தா, நான் மெலிசாவோடை கதைச்சு இதை இந்த அளவிலை முடிச்சுவிடுறன்."

 சிவபாதம் கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குப் போனான். திரும்பி வந்தான். கையுறையைப் போட்டான், கழற்றினான். அக்கா பெட்டி எடுக்கிற சாட்டில் கிட்ட வந்து முணுமுணுத்தாள்.

"நான் ஒவ்வொண்டா மணந்து எடுத்துத் தாறன். நல்லதெண்டா பெட்டி ஒட்டுற டேப்பை இழுப்பன். கேக்காட்டி கூடாதது. விளங்கிச்சோ?"

அவள் எடுத்துத் தந்தாள். அவன் வாளிக்குள் மூக்கை விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சர்ர்ரென்று டேப் கிழிந்தது. "இது நல்லது" என்றான். அடுத்ததில் சத்தமில்லை. "இது கூடாது." அடுக்கு ஒரு பக்கமாக உயர்ந்துகொண்டு வந்தது. றொனால்ட் இடைக்கிடை ஒன்றை எடுத்து மெலிசாவிடம் நீட்டினான். அவள் மணந்துவிட்டுத் தலையாட்டினாள். சிவபாதம் அடுத்த வாளியைக் கெதியாக வாங்கினான். அட, தப்பிவிடலாம் போலிருக்கிறதே!

அப்போது மெலிசா அக்காவைக் கூப்பிட்டு, நல்ல வாளிகளை முன்பக்கம் கொண்டுபோய் அடுக்கச் சொன்னாள். உதவி செய்கிற எண்ணத்தில் தானே மேசையடிக்கு வந்து ஒரு வாளியைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

அவன் மூக்கை விட்டான். உள்ளே அவனுடைய மூச்சுச் சத்தம்தான் திரும்பி வந்தது. இன்னொருதரம் இழுத்தான். கண்ணீர் வந்தது, மணம் வரவில்லை. அக்கா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் கை நிறைய வாளிகளோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"நல்லது" என்றான்.

மெலிசா வாங்கி மணந்தாள். அப்படியே றொனால்டிடம் கொடுத்தாள்.

"அண்ணை... உது தூபக்காலுக்குப் பக்கத்திலை இருந்த வாளி. என்ன விளையாடுறியளோ?"

"எனக்கு மணம் தெரியாது." என்றான் சிவபாதம். "ஆவணியிலையிருந்து தெரியாது. உந்தத் தூசாலைதான். மெஷினைத் திருத்துங்கோ திருத்துங்கோ எண்டு எத்தினைதரம் உம்மட்டைக் கேட்டனான்? சொல்லும் அவவுக்கு!"

றொனால்ட் மெலிசாவுக்கு இங்கிலீஷில் சொன்னான். எவ்வளவு சொன்னான் என்பது தெரியவில்லை, சின்னதாகத்தான் சொன்னான். மெலிசா சிவபாதத்தின் தோளைத் தொட்டாள். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"சரியான கவலையாம் அவவுக்கு" என்றான் றொனால்ட், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "மூக்கு வேலை செய்யாத ஆளை வைச்சு இந்த மரத்திலை வேலை செய்விக்க ஏலாதாம். சேஃப்டியும் இல்லையாம். சுகமானாப்பிறகு கோல் பண்ணட்டாம்."

"சம்பளம்?"

றொனால்ட் போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனான்.

"எடேய், கடலை தின்னேக்கை நீயும்தானே நிண்டனீ!" என்று அக்கா பின்னால் கத்தினாள். அவன் திரும்பவில்லை.

சிவபாதம் ஜக்கெற்றைப் போட்டான். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான், வைத்தான், பிறகும் எடுத்தான். யோகமலருக்கு இப்போது நடுச்சாமம். விடிந்ததும் கூப்பிடுவாள். என்னத்தைச் சொல்லுவது? பெரிய கதவடியில் போய் நின்றான். வெளியே போகவும் கால் வரவில்லை.

ஒரு ட்ரக் பின்பக்கமாக வந்து நின்றது. ஹோட்டல் ட்ரக் இல்லை. இரண்டு பேர் இறங்கி, ஆள் உயரத்தில் மூன்று மெஷின்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யானைத் தும்பிக்கை மாதிரித் தடித்த குழாய்கள் தொங்கின. வாளிகளில் பிடித்த புகை மணத்தை எடுக்க, காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷினாம், மெலிசா போனடித்த கையோடு வாடகைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவன் கதவைப் பிடிக்கச் சொல்லிச் சிவபாதத்துக்குக் கையைக் காட்டினான். அவன் பிடித்தான். மெஷின்கள் அவனைத் தாண்டி உள்ளே போயின.

வாளிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டினார்கள். ஒன்றோடொன்று முட்டாமல், காற்றுப் பட இடம்விட்டுப் பரப்பி வைத்தார்கள். மெலிசா தானே குனிந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சுவிட்சைப் போட்டதும் திரை உப்பி, உள்ளுக்குப் போய், மெல்ல மெல்ல மூச்சு விடத் தொடங்கியது.

சிவபாதத்துக்கு இருமல் வந்தது. குனிந்து இருமினான். மீசையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது.

"அண்ணை" என்று உள்ளேயிருந்து றொனால்ட் கூப்பிட்டான். "வெளியாலை நிண்டுகொண்டு கதவைச் சாத்திவிடுங்கோ. தூசு வாளிக்குப் படும்."