ஐந்து புள்ளி நான்கு

1.
என் மாமா ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். அதனால்தான் இந்தக் கதை. வேறு உன்னத நோக்கம் எதுவும் எனக்கில்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்: "டயாலிசிஸ் இயந்திரம் ஒரு நதியைப் போல..." அடித்துவிட்டேன். அது பழைய ஃபிரிட்ஜைப் போலத்தான் உறுமும்.

2.
மாமாவுக்குச் சர்க்கரை இருபது வருடமாக. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.4 என்று வந்தது. நோயே இல்லாதவர்களுக்கு வருகிற எண். கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் சீட்டை மாட்டினார். இன்சுலினை நிறுத்தினார்.

"கால் விரல் புண்ணு ஆறவே இல்லையே," என்றாள் அத்தை.

"சுவத்தைப் பாருடி. புண்ணை ஏன் பாக்குற?"

(இவ்வளவு அசடா ஒரு பாத்திரம் என்று எனக்கே சந்தேகம். ஆனால் இருபது வருடம் டாக்டர்களிடம் திட்டு வாங்கியவர் முதல்முறை பாஸாகியிருக்கிறார். நீங்களும் மாட்டியிருப்பீர்கள்.)

3.
டயாலிசிஸ் நர்ஸ் மாமாவின் விரலில் குத்திப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து.

"மிஷின் கெட்டுப்போச்சு," என்றார் மாமா.

"நல்லாத்தான் இருக்கு சார். அந்த டெஸ்ட் சிவப்பணுவுல ஒட்டின சர்க்கரையை அளக்குது. உங்களுக்குச் சிவப்பணு சீக்கிரமே செத்துடுது. நாங்க போடுற ஊசியில புதுசா வேற பிறக்குது. நேத்துப் பிறந்ததுக்கு மூணு மாசக் கதை எப்படித் தெரியும்?"

"அப்போ என் ரத்தமே பொய் சொல்லுதா?"

"தெரிஞ்சதைச் சொல்லுது. அதுக்குத் தெரிஞ்சது கம்மி."

ரத்தத்திலுள்ள புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் வேறொரு சோதனை எடுத்தார்கள். எக்கச்சக்கம். மாமாவின் கண்களில் ஒரு— (வேண்டாம். கண் டாக்டர் தனிக் கதை.)

"பரீட்சை முடிஞ்சப்புறம் கேள்வித்தாளை மாத்துறாங்க!" என்று வார்டே அதிரக் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "ஒரு மாசம் நல்லாருந்தேன்னு நெனச்சேன்."

நர்ஸ் அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

4.
முடிவு ஒன்று: புண் ஆறுகிறது. (பொய் வாடை.)
முடிவு இரண்டு: விரல் போகிறது. (மாமா படித்தால் என் கதி?)

நடந்தது இவ்வளவுதான். அத்தை இன்சுலினோடு வந்து நின்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டே சட்டையைத் தூக்கினார்.

நாளை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் மாமாவின் விரல் கட்டைப் பிரிக்கிறார்கள். எனக்குப் போகத் தைரியமில்லை. நீங்கள் போங்கள். அத்தை வெளியே பெஞ்சில் இருப்பாள். முதலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.