சோற்றைத் தூங்கியவள்

1994 ஆனி மாதம் என் சம்சாரம் பூவாத்தாள் சோற்றைத் தூங்கினாள். நானாகச் சொல்லவில்லை. பல்லடத்தில் எங்கள் வீதியில் நாற்பத்திரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டது டேப்பில் பதிவாகியிருக்கிறது.

பதிவு செய்தவள் தாஜுன்னிசா, கோவையில் மொழியியல் ஆராய்ச்சி செய்த பெண். காந்திபுரத்தில் பஸ் ஏறி ஒரு மாதம் தினமும் வந்தாள்.

"திங்கிறதுங்கற வினை முதல்ல சோத்தோடதான் சேருமுங்க ஐயா. தின்ன ஆளு அப்புறந்தான் வந்து சேருவாரு. தூங்கறது எந்தப் பொருளையும் கிட்டச் சேர்க்காதுங்க" என்றாள்.

சம்பந்தம் பேசுகிற மாதிரி இருந்ததால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

சோதிப்பதற்காகத் தப்பான வாக்கியங்களையும் கலந்து வைத்திருந்தாள். "பூவாத்தாள் சோற்றைத் தூங்கினாள்னு சொல்லலாமுங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டாள். எல்லாரும் மோர் கொடுத்து, "சொல்லலாமுங்க அம்மணி" என்றார்கள்.

டேப்பைக் கேட்ட அவளுடைய பேராசிரியர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டாராம். 'ஆள் வைத்துப் பேச வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். பொய்யென்றால் ஆராய்ச்சி ரத்து' என்றாராம்.

வந்தார். தாஜுன்னிசாவின் முகம் சாயம் போடாத நூலாக வெளுத்திருந்தது. அவரே பூவாத்தாளிடம் கேட்டார்.

"சொல்லலாமுங்க சார்."

"சோற்றை ஓடினாள்?"

"அதுவுந்தானுங்க."

மனிதர் மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். வீதியில் அத்தனை தறியும் நின்றுபோனது. கரண்ட் கட் என்றார்கள்; நான் நம்பவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்புள்ள, நேத்து நீ சோத்தைத் தூங்கினயா?" என்றேன்.

"ஏனுங்க, கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்களா? சோத்தை ஆராச்சும் தூங்குவாங்களா? வெளிய சொல்லிப்போடாதீங்க, சிரிப்பாங்க!"

தாஜுன்னிசா அலறினாள். "அப்புறம் எங்கிட்ட ஏனுங்கம்மா சொல்லலாம்னீங்க?"

"ஊட்டுக்கு வந்த புள்ளையப் போயித் தப்புன்னு சொல்றதா கண்ணு?"

பேராசிரியர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு மாத டேப்பும் வெறும் மரியாதைக்குச் சொன்னது! கடைசியில், "எல்லாரையும் திரும்பக் கேளு. ஆனா நீ கேக்காதே, இவரு கேக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

நாற்பத்திரண்டு வீடு, நூற்றிருபது வாக்கியம். ஒரு வாரம் நான் கேட்டேன், வீதியே என்னைத் திட்டியது, தாஜுன்னிசா பதிவு செய்தாள். மூன்றாம் வீட்டு ராசாத்தாள் பதிலே சொல்லாமல் விளக்குமாற்றை எடுத்தாள். அதையும் 'ஏற்கத்தக்கதல்ல' என்று குறித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

பட்டம் வாங்கிவிட்டாள்.