ராணியின் மூன்று சாவு

இத்தாலியின் பார்மா நகரில், எங்கள் ஓபரா இசைநாடக அரங்கின் மேல்மாடியில் உட்காருகிற நாங்கள் பாட்டைத் திருத்துவதற்காகத்தான் டிக்கெட் வாங்குகிறோம்.

அன்று ஒர்னெல்லா என்ற புதுப் பாடகி, விஷம் குடித்துச் சாகும் ராணியாகப் பாடினாள். கடைசிப் பாட்டை எல்லா ராணிகளும் உச்சஸ்தாயியில் ஒரு வீச்சு வீசி முடித்துவிட்டுத்தான் சாவார்கள். இவள் கீழ்ஸ்தாயியில் மெல்ல முடித்துவிட்டுச் சாய்ந்தாள்.

என் பக்கத்தில் இருந்த கறிக்கடை குவால்தியேரோ எழுந்தார். "ஏம்மா, மிச்சத்தை நாளைக்குப் பாடுவியா?"

செத்த ராணி எழுந்து உட்கார்ந்தாள். "இசையமைப்பாளர் எழுதினதே இவ்வளவுதாங்க."

"அவரையே இந்த மாடியிலேர்ந்து கத்தி ஊரைவிட்டு ஓட்டினவங்க எங்க தாத்தாங்க. நீ எம்மாத்திரம்?"

வாத்தியக்குழுவை நடத்துபவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாட்டை மறுபடி ஆரம்பித்தார். அவள் உச்சிக்குப் போனாள், செத்தாள். மாடி அதிர்ந்தது. வழக்கப்படி, "இன்னொரு தடவை!" என்று கத்தினோம். நாங்கள் கேட்டால் பாடித்தான் ஆகவேண்டும்.

ராணி எழுந்தாள். கோப்பையை எடுத்து மீதி விஷத்தையும் குடித்தாள். திரும்பவும் அதே கீழ்ஸ்தாயி. ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டு, எங்களில் ஒருவரையும் மன்னிக்காமல் பாடி முடித்துச் சாய்ந்தாள்.

குவால்தியேரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான்டா செத்தா," என்றார்.