கதவுப் பக்கத்து இடம்

அப்பா யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று வரைபடத்தில் குண்டூசி குத்திப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

லொக்கன் குடும்ப அறக்கட்டளைக்கு முப்பது வயது. என் அப்பா ஆர்விட் லொக்கன் மாட்டுக் கொட்டகைக் கதவுகளுக்குக் கீல் செய்து சம்பாதித்த பணம் அது. விஸ்கான்சினில் எங்கள் பக்கம் எந்தக் கொட்டகையைத் திறந்தாலும் அவர் பெயர் பொறித்த இரும்பு கையில் தட்டுப்படும். நவம்பர் தோறும் அறங்காவலர்கள் கூடி, வந்த விண்ணப்பங்களைப் படித்து, யாருக்கு நிதி என்று முடிவு செய்வோம். இருபது வருடமாக அந்தக் கூட்டத்தை நடத்துவது நான். சம்பளம் கிடையாது. நானும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். அவர் இல்லாத முதல் கூட்டத்துக்காக, இதுவரை கொடுத்ததையெல்லாம் ஒரே படத்தில் காட்டலாமே என்றுதான் குண்டூசி குத்தினேன். தள்ளி நின்று பார்த்தபோது வயிறு எரிந்தது. சுவரில் தொங்கியது என் தங்கை சோல்வேயின் வாழ்க்கை வரலாறு. அவள் இசைக் கல்லூரியில் சேர்ந்தாள், அந்தக் கல்லூரி நூலகத்துக்கு நிதி. அவளுக்குக் குறைமாதத்தில் மகன் பிறந்தான், அந்த ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டுக்கு நிதி. கணவனை விட்டு வந்தாள், அந்த நகரத்துப் பெண்கள் இல்லத்துக்கு நிதி. கடைசிப் பதினோரு வருடமாக, இங்கிருந்து ஆறு மணி நேரம் வடக்கே ஏரிக்கரையில் அவள் நடத்தும் பிள்ளைகளின் இசை முகாமுக்கு, வருடம் தவறாமல்.

நான் இந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நான். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனது நான். பதினெட்டு வருடமாக ஊர் நீச்சல்குளத்தை நடத்துவதும் நான்தான். திரும்பின பக்கமெல்லாம் ஏரி உள்ள ஊரில் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிய வேண்டாமா? குளத்தின் கூரை மூன்று வருடமாக ஒழுகுகிறது. இன்னொரு பனிக்காலம் தாங்காது, மூடிவிடுங்கள் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். என் ஊரில் இருந்தது ஒரே ஒரு குண்டூசி, அதுவும் தேவாலயத்து மணிக்கு.

நீ கேட்டிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் காபி வேண்டுமா என்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்டபிறகு, அரைக் கோப்பை போதும் என்று ஆரம்பித்து மூன்று கோப்பை குடிக்கலாம். நார்வேயிலிருந்து வந்த எங்கள் முன்னோர்கள் பெட்டியில் கொண்டுவந்த பழக்கம் இது. அப்பா என்னிடம், "குளத்துக்கு ஏதாவது வேணுமாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறார். இரண்டு தரமும், "சமாளிச்சுக்கிறோம்ப்பா" என்றேன். மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தேன். பல வருடம் காத்திருந்தேன்.

சோல்வேக்கு இந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வேண்டுமென்றால் படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுவாள்.

அதனால் அறக்கட்டளைக்குப் புதிய முன்னுரிமைகளை எழுதினேன். நான்கு பக்கம், நல்ல நடையில். 'வேரூன்றிய மண்ணுக்கே முதலிடம்' என்றெல்லாம் வரும். சாரம் ஒன்றுதான்: இனி லொக்கன் நிதி எங்கள் மாவட்டத்துக்குள் மட்டும். யாராலும் குறை சொல்ல முடியாது. அதை எழுதும்போது சோல்வேயின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. கூடவே குளத்தின் கூரைக்கு ஒரு விண்ணப்பமும் போட்டேன். மூன்றாம் தரம் கேட்க வேண்டியவர் போய்விட்டாரே, இனி யாரிடம் வெட்கப்படுவது?

கூட்டம் கீல் தொழிற்சாலையின் பழைய அலுவலகத்தில் நடந்தது. நாங்கள் நாலு பேர்: நான், சோல்வே, சித்தப்பா மகன் வெண்டல், ஓய்வுபெற்ற பாஸ்டர் உல்மன். அப்பா போட்ட விதி ஒன்று உண்டு. ஒருவருக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் அவர் எழுந்து வெளியே போய், நடைபாதையில் இருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். என்ன முடிவு என்பதைக் கூட்டம் மொத்தமும் முடிந்த பிறகுதான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

"முதல் விஷயம், புது முன்னுரிமைகள். முகாம் பேச்சும் இதுல வரும்," என்றான் வெண்டல். "சோல்வே, உன் பெஞ்சு உன்னைக் கூப்பிடுது."

"எனக்கு வழி தெரியும்டா," என்று சிரித்தபடி சோல்வே ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பயமில்லாதவளின் முதுகு. அந்த முதுகைப் பார்க்கையில் எனக்கு இன்னும் எரிந்தது.

பாஸ்டர் நான்கு பக்கத்தையும் புரட்டினார். "மாரிட், எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த முகாம்ல அறுபது பிள்ளைங்க இருக்காங்க."

"இங்கேயும் பிள்ளைங்க இருக்காங்க, பாஸ்டர்."

"அதைச் சொல்லலம்மா. இதை நீ எதுக்கு எழுதினே?"

"ஓட்டுக்கு விடலாம்," என்றேன். வெண்டல் கை தூக்கினான். அவனுக்கு ஆறு மணி நேரம் காரோட்டி முகாமைப் பார்வையிடப் போவது பிடிக்காது. நானும் தூக்கினேன். பாஸ்டர் தூக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. பதினோரு வருடத்து முகாம் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது, கடைசி விஷயம், குளத்தின் கூரை. இப்போது நான் எழ வேண்டும். வெண்டல் கதவைத் திறந்து, "சோல்வே, நீ உள்ள வா. உங்க அக்கா வெளிய" என்றான்.

"நான் வர மாட்டேன்," என்றாள் அவள். "அக்கா விஷயத்துக்கு நான் எப்படி ஓட்டுப் போட? நீங்க ரெண்டு பேருமே பாருங்க. அப்பா வழக்கம் அதுதானே."

அப்பா வழக்கமா? எனக்குப் புரியவில்லை. கனமான ஓக் கதவு எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. எங்கள் கீல் அல்லவா.

அந்த பெஞ்சில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. சோல்வே நகர்ந்து இடம் விட்டாள். காபி வேண்டுமா என்று ஒரு தரம்கூடக் கேட்காமல் ஊற்றிக் கையில் கொடுத்தாள். முட்டை சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். பத்து நிமிடத்துக்கு முன் இவள் கழுத்தை அறுத்துவிட்டு வந்து, இவள் சாண்ட்விச்சைத் தின்கிறேன்.

"அப்பா வழக்கம்னு என்னமோ சொன்னியே?"

"அதான், என் முகாம் வர்றப்பல்லாம் அவரும் வெளிய வந்துடுவாரே. பெத்தவன் ஓட்டுப் போடக் கூடாதும்பாரு."

அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் எழுந்து போவார். சிறுநீர்த் தொந்தரவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் பதினோரு வருடமும் முகாமுக்குக் கை தூக்கியது யார்? அப்பா அல்ல. வெண்டலும் பாஸ்டரும் நானும். எழுந்து விண்ணப்பத்தை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, முதல் ஆளாகக் கை தூக்கியது நான்.

அந்த எண்ணம் நெஞ்சில் ஒரு கணம்தான் நின்றது. உடனே வேறொன்று முளைத்தது. பதினோரு வருடம், வருடத்துக்குப் பத்து நிமிடம், அப்பாவும் இவளும் இந்த பெஞ்சில். ஒரு ஃபிளாஸ்க், ஒரு சாண்ட்விச், ஆளுக்குப் பாதி. நான் உள்ளே காகிதம் வாசித்துக்கொண்டிருந்தேன். நிதி போனால் போகட்டும், இதற்கு நான் என்ன செய்வேன்? பெஞ்சைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"என்ன பேசிப்பீங்க?" என்றேன்.

"பேசவா?" சோல்வே கோப்பையை வைத்தாள். "எங்க பேச விட்டாரு? இப்ப நீ உக்காந்திருக்க பாரு, கதவுப் பக்கம். அதுதான் அவரு இடம். ஒரு வருஷம்கூட எனக்கு விட்டதில்ல. காதைக் கதவுல வெச்சுக்கிட்டு, 'ஷ்ஷ், சும்மா இரு, மாரிட் பேசறா'ம்பாரு. நான் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருப்பேன். மகனைப் பத்திச் சொல்லலாம்னு வாயைத் திறப்பேன். 'ஷ்ஷ்.' விதியைப் போட்ட மனுஷனே ஒட்டுக் கேட்டாரு."

"எதுக்கு? முடிவு தெரியவா?"

"முடிவா! நீ வாசிக்கிறதைக் கேக்க. 'எவ்ளோ தெளிவா வாசிக்கிறா பாரு'ம்பாரு. பட்ஜெட்டை வாசிச்சா அதுக்கும் தலையாட்டுவாரு." அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "எனக்கு எப்படி எரியும் தெரியுமாக்கா? பக்கத்துல நான் உக்காந்திருக்கேன். அவரு காது பூரா உன்கிட்ட."

நான் கதவைப் பார்த்தேன். உள்ளே வெண்டல் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இந்தக் கதவு வழியாகக் கேட்க வேண்டுமென்றால் ஆசையோடு கேட்டிருக்க வேண்டும்.

"இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே," என்றாள் சோல்வே. "நீ எதைத்தான் கேட்ட?"

கதவு திறந்தது. வெண்டலின் தலை நீண்டது. "கூரை கிடைச்சாச்சு, பாஸ்டர் ஒரு கேள்வியும் கேக்கல. உள்ள வாங்க, முடிவைப் படிச்சுட்டுக் கிளம்பலாம். பனி ஆரம்பிச்சிடுச்சு."

சோல்வே ஃபிளாஸ்கை மூடினாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். "நீ இங்கயே இரு."

"ஏன்?"

"இன்னும் உன் விஷயம் முடியல."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எடுத்த முடிவைக் கூட்டம் கலைவதற்குள் மறுபடி ஓட்டுக்கு விடலாம், ஆனால் ஜெயித்த பக்கம் கை தூக்கியவர்தான் அதைக் கேட்க வேண்டும் என்று விதி. ஜெயித்த பக்கம் இருந்தவர்கள் இரண்டே பேர். வெண்டல் கேட்கப் போவதில்லை.

"முதல் விஷயத்தைத் திரும்ப எடுக்கணும்," என்றேன். "நான் கேக்கறேன்."

வெண்டல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். "உனக்கு என்ன ஆச்சு? முகாமுக்கும் குடுத்தா, இந்த வருஷம் உன் குளத்துக்குப் பாதிக் கூரைதான், தெரியுமில்ல?"

"பாதி போடலாம். ஆழம் குறைஞ்ச பக்கம் முதல்ல, பிள்ளைங்க அங்கதான் இருக்கும். மீதிக்கு அடுத்த வருஷமும் கேப்பேன். அதுக்கு அடுத்த வருஷமும் கேப்பேன்."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். பொறாமை எங்கும் போய்விடவில்லை. அந்தப் பத்து நிமிடங்கள் அவளுடையவைதான், அதில் எனக்குப் பங்கு கிடைக்கப் போவதில்லை. சோல்வேயின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தேன். முகாமின் பெயரை வாசித்தேன். அறுபது பிள்ளைகள் என்பதை வாசித்தேன். அவர்களுடைய வயலின்கள், பியானோக்கள், ஒழுகாத அவர்களுடைய கூரை, எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

"எதுக்குக் கத்தறே?" என்றான் வெண்டல். "மூணு பேருதானே இருக்கோம்."

"கதவு கனமா இருக்குடா," என்றேன். அடுத்த வரியை இன்னும் சத்தமாக வாசித்தேன்.