அன்ரெனாவுக்குப் போட்ட ஓட்டை

கொலின்ஸ் வானுக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தியது மனைவிக்குப் பயந்துதான். பைபர் ஒட்டும் றெசின் பசையின் மணம் கீரிக் கிராமத்தில் ஒரு வளவில் கிளம்பினால் கடற்கரை வரைக்கும் ஊர்க்கதையாகிவிடும். மதுஷிகாவின் மூக்கோ அந்த மணத்துக்கென்றே பழகிய மூக்கு.

பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுப் போட்டே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் அவன். டொக்டர் எச்சரித்த கையோடு மதுஷிகா அவனை மடுக் கோயிலுக்குக் கூட்டிப்போய், மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தி, இனி றெசின் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுக்கவைத்தாள். தொட்டால் அரிப்பு ஊருக்கு, தாய் வீட்டுக்கே போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் வான் அவளுடைய தம்பி கிறிஸ்ரியினுடையது. கோயில் திருவிழாவை நேரலையில் காட்ட அவன் அதன் கூரையில் அன்ரெனா பூட்டவேண்டும். வெறும் தகரத்தில் பூட்டினால் சோளகக் காற்று ஆட்டுகிற ஆட்டில் கூரை கிழிந்துவிடும். உள்பக்கம் பலகை வைத்துப் பைபர் போட்டுத் தந்தால் போதும், அக்காவுக்குத் தெரியவே வராது என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு வானை விட்டுப் போனான். கொலின்ஸுக்கும் கை துறுதுறுத்துக்கொண்டுதான் இருந்தது. மதுஷிகா மீன் சந்தைக்குப் புறப்பட்டதும் சட்டையைக் கழற்றி, போனோடு சேர்த்து முருங்கையில் கொழுவிவிட்டு உள்ளே ஏறினான்.

ஆயுசு முழுக்கப் படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்தவன். வானைக் கவிழ்க்க வழியில்லையே. தலைக்கு மேல் ஒட்டிய பைபர் பாய் தொய்ந்து தொய்ந்து விழுந்தது. அவள் வருவதற்குள் இறுகட்டும் என்று இறுகவைக்கும் மருந்தை அளவுக்கு மீறி ஊற்றித் தொலைத்தான். பலகை சூடேறியது. முட்டுக் கொடுத்த தடி வழுக்கியது. இரண்டு கைகளாலும் பலகையைத் தாங்கிக்கொண்டு நின்றான். கண் எரிந்து, நெஞ்சு அடைத்தபோது போதுமடா சாமி என்று பலகையை விட்டுவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தான்.

கைபிடி சும்மா சுழன்றது. உள்ளேயிருந்து இந்தக் கதவு திறக்காது என்று கிறிஸ்ரி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜன்னல்களைத் தகரத்தாலும் சாரதிப் பக்கத்தைப் பலகையாலும் அந்தப் புண்ணியவான் ஏற்கெனவே அடைத்திருந்தான்.

அன்ரெனாவுக்காகக் கூரையில் துளைத்த ஓட்டை ஒன்றுதான் மிச்சம். ஒட்டுகிற றெசினையும் பாராமல் அதில் வாயை வைத்து மூச்சை உறிஞ்சினான். வெளியே, வளவுக்குள் புகுந்த கழுதையை விரட்டும் குரல் கேட்டது. மதுஷிகா.

கூப்பிட்டால் அவள் போய்விடுவாள். கூப்பிடாவிட்டால் உயிர் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் யோசித்தான். அவள் குசினிக்குள் போகட்டும், பக்கத்து வீட்டு அன்ரனி இந்தப் பக்கம் வரட்டும் என்று கணக்குப் போட்டான். நெஞ்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"மது... நான் வானுக்குள்ள. கதவைத் திற."

கதவு உடனே திறந்தது. கொலின்ஸ் மணலில் குப்புற விழுந்து இருமினான். நிமிர்ந்தபோது அவள் காலடியில் உடுப்புப் பை இருந்தது.

"அந்த ஓட்டையால மணம் றோட்டு வரைக்கும் வந்தது" என்றாள், குரலை உயர்த்தாமல். "அப்பவே வந்து உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டன். நீங்களாக் கூப்பிடுவீங்களோ எண்டுதான் இதில நிண்டனான். இல்லாட்டி இந்தப் பஸ்ஸுக்கே போயிருப்பன்."

அவன் இருமலுக்கிடையில் கதவின் உள்பக்கக் கைபிடியைக் காட்டினான். இன்னொரு சாட்டுச் சொல்லப் போகிறான் என்ற எரிச்சலோடு அவள் அதைப் பிடித்துத் திருகினாள். அது சுழன்றது. மறுபக்கம் திருகினாள். அதற்கும் சுழன்றது.

அவள் வானுக்குள், தகரம் அடைத்த ஜன்னல்களைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"போயிருப்பன்" என்று மறுபடியும் சொன்னாள். அவனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.